ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆன்டிபாடி: லேபிலும் வீட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஒரு திசு ஆய்வு லேபில் வேலை பார்க்கிறேன். பாலிடெக்னிக்கிலிருந்து பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஆராய்ச்சியாளர்கள், அப்புறம் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு போன் செய்யும் சொந்தக்காரர்கள், எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே பொருளைப் பற்றித்தான் கேட்கிறார்கள்: மார்பகத் திசுவில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா இல்லையா என்று காட்டும் ஆன்டிபாடி. ஏற்பி என்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வந்து பொருந்தும் புரதம், ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் இன்னொரு புரதம். தமிழில் இதைப் பற்றி விளக்கமாக எழுதியவர்கள் குறைவு என்பதால் கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே போட்டு, எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன். லேப் வேலை தெரியாதவர்கள் இரண்டாவது கேள்வியையும் கடைசிக் கேள்வியையும் முதலில் படிக்கலாம்.

இந்த ஆன்டிபாடி சரியாக எதைப் பிடிக்கிறது?

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபா என்ற புரதத்தை. ரிப்போர்ட்டில் 'இ.ஆர்.' என்று சுருக்கமாக இருக்கும். 6-ஆம் குரோமோசோமில் உள்ள இ.எஸ்.ஆர்.1 என்ற மரபணுவிலிருந்து உருவாவது, 595 அமினோ அமிலங்கள், எடை சுமார் 66 கிலோடால்டன். ஏற்பி என்றதும் செல்லின் வெளிச்சவ்வில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். இது அப்படியில்லை, பெரும்பாலும் உட்கருவுக்குள்ளேயே இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் வந்து சேர்ந்ததும் இரண்டிரண்டாக இணைந்து டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் போய் உட்கார்ந்து சில மரபணுக்களை முடுக்கிவிடும், சிலவற்றை அடக்கும். அப்படி முடுக்கப்படும் மரபணுக்களில் ஒன்று புரோஜெஸ்டிரோன் ஏற்பியுடையது. ரிப்போர்ட்டில் இ.ஆர். வரிக்குப் பக்கத்திலேயே பி.ஆர். என்று இன்னொரு வரி இருப்பதற்கு அது ஒரு காரணம்: ஆல்ஃபா அங்கே இருக்கிறது என்பதோடு வேலையும் செய்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

இந்தச் சோதனையில் ஆன்டிபாடி ஒட்டிய இடம் பழுப்பாகத் தெரியும், ஒட்டாத உட்கரு நீலமாகவே நிற்கும். ஆகவே பழுப்பு நிறம் உட்கருவில்தான் வரவேண்டும். வேறெங்கு வந்தாலும் அதைப் பாசிட்டிவ் என்று எண்ணக் கூடாது.

அம்மாவின் ரிப்போர்ட்டில் "இ.ஆர். பாசிட்டிவ், 90 சதவீதம்" என்று இருக்கிறது. 90 என்றால் நோய் அவ்வளவு முற்றிவிட்டதா?

இல்லை, நிச்சயமாக இல்லை. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம், இந்த எண்ணை யாராவது அவர்களுக்கு உட்கார்ந்து விளக்கியிருக்கக் கூடாதா என்று இருக்கும். 90 சதவீதம் என்றால் நுண்ணோக்கியில் எண்ணிய புற்றுச் செல்களில் 100-க்கு 90 செல்களின் உட்கருவில் இந்த ஏற்பி தெரிந்தது என்று மட்டும்தான் பொருள். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அது சொல்லாது, அதற்குக் கட்டியின் அளவு, நெறிகட்டிகளுக்குப் பரவியதா என்பவற்றை வேறாகப் பார்ப்பார்கள்.

இ.ஆர். பாசிட்டிவ் என்பதில் ஒரு கதவு திறக்கிறது. அந்தப் புற்று ஈஸ்ட்ரோஜனை நம்பி வளர்கிறது, எனவே ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் மருந்து பயன்படும். டமொக்சிஃபென் அதில் பழையது, இன்றும் கொடுக்கப்படுவது. மாதவிடாய் நின்றவர்களுக்கு அரோமட்டேஸ் தடுப்பு மருந்துகளும் உண்டு, அவை உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே குறைப்பவை. இ.ஆர். பாசிட்டிவாக இருந்து 5 ஆண்டு டமொக்சிஃபென் எடுத்தவர்களில் மார்பகப் புற்றுநோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2011-இல் பல சோதனைகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த ஆய்வு காட்டியது.

அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் நோய்க்குறியியலாளர் கல்லூரியும் சேர்ந்து 2010-இல் வைத்த வரம்பு 1 சதவீதம்: 100 செல்லில் ஒன்றில் தெரிந்தாலும் பாசிட்டிவ். 2020-இல் அதைத் திருத்தி, 1 முதல் 10 வரை இருப்பதை 'குறைந்த பாசிட்டிவ்' என்று தனியாகக் குறிக்கச் சொன்னார்கள், ஏனெனில் அந்தக் கூட்டத்துக்கு மருந்து எவ்வளவு பயன்படும் என்பதற்கான ஆதாரம் குறைவு. எந்த மருந்து, எத்தனை ஆண்டு என்பதெல்லாம் அம்மாவின் மருத்துவர் சொல்லவேண்டியது. எண்ணைப் பார்த்துப் பயப்படாமல் போய்க் கேளுங்கள்.

இந்த ஆன்டிபாடி வருவதற்கு முன்னால் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

திசுவை அரைத்துத்தான். ஈஸ்ட்ரோஜன் உடலில் எங்கே போய்ச் சேர்கிறது என்று கதிரியக்கக் குறியிட்ட ஹார்மோனை வைத்து ஆராய்ந்து இந்த ஏற்பியைக் கண்டவர் சிகாகோவின் எல்வுட் ஜென்சன். அதே வழியில்தான் நோயாளியின் கட்டியையும் சோதித்தார்கள். உறைய வைத்த புதிய திசு கணிசமாக வேண்டும், அதில் புற்று எவ்வளவு, பக்கத்து நல்ல திசு எவ்வளவு என்று பிரிக்கவும் முடியாது. சிறிய கட்டி என்றால் சோதனைக்கே வழியில்லை.

1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை ஆன்டிபாடியை மட்டும் தொடர்ந்து சுரக்கும் செல்களை உருவாக்கும் முறையைக் கண்டார்கள், 1984-இல் அதற்கு நோபெல் பரிசு. அந்த முறையில் 1980-இல் ஜெஃப்ரி கிரீன், ஜென்சனுடன் சேர்ந்து, மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கு அப்படிப்பட்ட ஒரே வகை ஆன்டிபாடிகளை (மோனோகுளோனல் என்பார்கள்) தயாரித்தார். அப்போதும் உறைந்த திசுவில்தான் நன்றாக வேலை செய்தது. உலகம் முழுக்க மருத்துவமனைகளில் அடுக்கி வைத்திருப்பதோ ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் கரைசலில் ஊறி மெழுகில் புதைந்த திசு. அதற்கான வழி 1991-இல் வந்தது. ஷி என்பவரின் குழு ஸ்லைடை மைக்ரோவேவில் சூடாக்கினால் மறைந்திருந்த புரதம் மறுபடி ஆன்டிபாடிக்கு அகப்படும் என்று காட்டியது. இன்று நாம் தினமும் செய்யும் வேலைக்கு ஆன்டிபாடி எவ்வளவு காரணமோ அந்தச் சூடும் அவ்வளவு காரணம்.

1டி5, 6எஃப்11, எஸ்பி1 என்று கேட்டலாகில் மூன்று ஆன்டிபாடிகள் இருக்கின்றன. எதை வாங்குவது?

மூன்றும் ஆல்ஃபாவைத்தான் பிடிக்கின்றன. 1டி5-உம் 6எஃப்11-உம் எலியிலிருந்து வந்தவை, எஸ்பி1 முயலிலிருந்து வந்தது. புரதத்தில் பிடிக்கும் இடமும் வேறு: 1டி5 முன்முனைப் பக்கம், எஸ்பி1 பின்முனைப் பக்கம். 4,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் கட்டிகளில் 1டி5-ஐயும் எஸ்பி1-ஐயும் ஒப்பிட்டு 2006-இல் கனடாவிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. எஸ்பி1 கூடுதல் பேரைப் பாசிட்டிவாகக் காட்டியது, நோயாளிகளின் பிற்காலத்தோடும் நன்றாகப் பொருந்தியது. புதிதாகத் தொடங்கும் லேபுக்கு நான் எஸ்பி1 என்றுதான் சொல்வேன். ஆனால் ஏற்கெனவே 6எஃப்11 வைத்து எல்லாவற்றையும் சரிபார்த்து ஓடிக்கொண்டிருக்கும் லேப் அவசரப்பட்டு மாற்ற வேண்டியதில்லை. மாற்றினால் சரிபார்ப்பை முழுக்க மறுபடி செய்தாக வேண்டும், பாதிச் சரிபார்ப்போடு ஓடும் நல்ல ஆன்டிபாடியை விட முழுச் சரிபார்ப்போடு ஓடும் பழைய ஆன்டிபாடி மேல்.

டேட்டாஷீட்டில் ஆன்டிபாடியை நீர்க்கச் செய்யும் அளவு 1:100 என்று போட்டிருக்கிறது. அப்படியே கலந்து போடலாமா?

அங்கிருந்து தொடங்கலாம், அங்கேயே நின்றுவிடக் கூடாது. 1:50, 1:100, 1:200, 1:400 என்று ஒரே நாளில் ஒரே திசுவில் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். திசுவைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பளிச்சென்று கறுத்து நிற்கும் ஒரு கட்டியை எடுத்துக்கொண்டால் எல்லா அளவிலும் நன்றாகத்தான் தெரியும், ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. லேசாக மட்டும் இருக்கும் திசு ஒன்று, சுத்தமாக இல்லாத திசு ஒன்று, இரண்டும் வேண்டும். லேசானது தெளிவாகத் தெரிந்து, இல்லாதது சுத்தமாக நீலமாகவே நிற்கும் அளவு எதுவோ அதுதான் உங்கள் லேபுக்கான அளவு. உப்பு கூடிப்போன குழம்பில் வேறெந்தச் சுவையும் நாக்குக்குத் தெரியாத மாதிரி, ஆன்டிபாடி கூடிப்போன ஸ்லைடில் எங்கு பார்த்தாலும் பழுப்பாகத்தான் இருக்கும், எது உண்மை என்று பிரிக்க முடியாது.

சூடாக்கும் கரைசல் பிஎச் 6-ஆ 9-ஆ?

ஃபார்மலின் புரதங்களுக்கு இடையே சிறு பாலங்களைப் போட்டு முடிச்சிட்டுவிடுகிறது, சூடு அந்த முடிச்சைத் தளர்த்துகிறது. சிட்ரேட் பிஎச் 6-இலும் செய்யலாம், ஆனால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கு டிரிஸ்-இ.டி.டி.ஏ. பிஎச் 9 பக்கம் போவதுதான் பொதுவாக நல்ல பலன் தருகிறது. சூடு போதாமல் போவதுதான் வழக்கமான தப்பு. சூடாக்கிய பிறகு கரைசலிலேயே கொஞ்சம் ஆறவிடுங்கள், ஏ.சி. காற்றில் ஸ்லைடை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் ஓரம் காய்ந்து அங்கே பொய் நிறம் பிடிக்கும்.

கட்டி லேபுக்கு வருவதற்கு முன் நடந்ததற்கும் ரிசல்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. அறுவை அறையில் கட்டியை வெளியே எடுத்த நொடியிலிருந்து அதற்கு ரத்தம் இல்லை, புரதம் சிதையத் தொடங்குகிறது. ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போய்ச் சேரவேண்டும், அதுவும் முழுக் கட்டியாக அல்ல, வெட்டி உள்ளே ஃபார்மலின் இறங்கும் விதத்தில். 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் குறைந்தது 6 மணி நேரம், அதிகம் போனால் 72 மணி நேரம் என்பது விதி.

இந்த 72 இங்கே எங்கே இடிக்கிறது என்றால் நீண்ட விடுமுறைகளில். சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் பொது விடுமுறை, அது சனி ஞாயிறோடு சேர்ந்து கொண்டால் வியாழக்கிழமை பிற்பகல் வந்த திசு அடுத்த வாரம் வரை ஊறிக்கொண்டே கிடக்கும் நிலை வரலாம். அந்த நாட்களுக்கு யார் வந்து திசுவை அடுத்த கட்டத்துக்கு ஏற்றுவது என்று முன்கூட்டியே பெயர் எழுதிவைக்கும் லேப் நல்ல லேப். குறைவாக ஊறினாலும் ஆபத்துதான்: நடுப்பகுதி சரியாகப் பதப்படாமல் ஓரத்தில் மட்டும் பாசிட்டிவ் தெரியும். எலும்புக்குப் பரவிய கட்டி என்றால் எலும்பைக் கரைக்க அமிலம் போட்டிருப்பார்கள், அமிலம் இந்தப் புரதத்தைக் கெடுக்கும், அங்கே வரும் நெகட்டிவை அப்படியே நம்பக் கூடாது.

கண்ட்ரோல் ஸ்லைடு எதற்கு? மெஷின்தானே எல்லாம் செய்கிறது?

இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். கண்ட்ரோல் என்பது என்ன நிறம் வரவேண்டும் என்று முன்பே தெரிந்த திசு.

பாசிட்டிவ் ஸ்லைடு தன்னைத்தானே ஓரளவு காப்பாற்றிக்கொள்ளும், உட்கருவில் பழுப்பு தெரிகிறது, பார்க்க முடிகிறது. நெகட்டிவ் ஸ்லைடில் வெறும் நீலம். அந்த நீலத்துக்கு இரண்டு காரணம் இருக்கலாம்: அந்தப் பெண்ணின் கட்டியில் ஏற்பி உண்மையிலேயே இல்லை, அல்லது நம் சோதனை அன்றைக்கு வேலை செய்யவில்லை. இரண்டும் நுண்ணோக்கியில் ஒரே மாதிரி இருக்கும். மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. ஆன்டிபாடி தீர்ந்துபோய் வெறும் காற்றை உறிஞ்சியிருந்தாலும் சில மெஷின்கள் கடைசி வரை ஓடி முடித்து, எல்லாம் சரி என்பதுபோல் ஸ்லைடை வெளியே தள்ளும். வித்தியாசத்தைச் சொல்லக்கூடியது கண்ட்ரோல் மட்டும்தான்.

எதை வைப்பது? டென்மார்க்கிலிருந்து இயங்கும் நார்டிக்யூசி என்ற தர ஒப்பீட்டுத் திட்டம் இதற்குக் கருப்பை வாய்த் திசுவையும் டான்சில் திசுவையும் பரிந்துரைக்கிறது. கருப்பை வாயில் மேற்பரப்புச் செல்களும் கீழேயுள்ள இணைப்புத் திசுச் செல்களும் நன்றாகப் பழுப்பாகும், ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் நீலமாகவே நிற்கவேண்டும். பலர் இதை மட்டும் வைத்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். அதில் ஏற்பி ஏராளமாக இருப்பதால் சோதனை பாதி பலவீனமாகியிருந்தாலும் அது நன்றாகத்தான் தெரியும். டான்சில்தான் கறாரானது. அதில் முளை மையங்களுக்குள் (நிணநீர்ச் செல்கள் பெருகும் வட்டங்கள்) அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள் லேசாகப் பழுப்பாக வேண்டும், மேற்தோல் செல்களிலும் கொஞ்சம். சுற்றியிருக்கும் பி செல் வளையம் சுத்தமாக நீலமாக இருக்கவேண்டும். அந்த லேசான சில செல்கள் மறைந்துவிட்டன என்றால் உங்கள் சோதனை கண் மங்கிவிட்டது, லேசான பாசிட்டிவ் நோயாளிகளை அன்று தவறவிடுகிறீர்கள் என்று அர்த்தம்.

கண்ட்ரோலை வேறு ஸ்லைடில் வைக்காமல் நோயாளியின் திசுவுக்குப் பக்கத்திலேயே அதே ஸ்லைடில் வையுங்கள். மெஷின் ஒரு ஸ்லைடை மட்டும் தவறவிட்டால் அப்போதுதான் தெரியும். அதற்கும் மேலே இயற்கையே தரும் கண்ட்ரோல் ஒன்று உண்டு: கட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சாதாரண பால்நாளங்கள். அவற்றில் சில செல்கள் இயல்பாகவே பாசிட்டிவ். அவையும் நீலமாக இருந்தால் 'நெகட்டிவ்' என்று எழுதாதீர்கள், திரும்பச் செய்யுங்கள். பக்கத்தில் சாதாரண நாளமே அகப்படவில்லை என்றால் அதையும் ரிப்போர்ட்டில் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

இவ்வளவு கறார் தேவையா? ஒன்றிரண்டு தவறினால் என்ன?

கனடாவின் நியூஃபௌண்ட்லாந்து மாகாணத்தில் 1997 முதல் 2005 வரை செய்த ஈஸ்ட்ரோஜன் ஏற்பிச் சோதனைகளில் என்ன நடந்தது என்று படித்துப் பாருங்கள். ஒரு நோயாளியின் பழைய நெகட்டிவைத் திரும்பச் செய்தபோது பாசிட்டிவ் வந்தது, சந்தேகம் வந்து பழைய நெகட்டிவ்களை டொராண்டோவுக்கு அனுப்பி மறுபடி பார்த்தார்கள், 300-க்கும் மேற்பட்டவர்களின் ரிசல்ட் மாறியது. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்து 2009-இல் அறிக்கை வந்தது. தவறிய ஒவ்வொருவரும் ஒரு மாத்திரை பலன் தரக்கூடிய நிலையில் இருந்தும் அது கொடுக்கப்படாமல் போன பெண். சிலர் அந்த அறிக்கை வருவதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு தம்பி தங்கையிடமும் இதைச் சொல்லிவிட்டுத்தான் திசுவை மெல்லிசாக வெட்டும் மைக்ரோடோமைத் தொடவிடுகிறேன்.

பழுப்பு உட்கருவில் இல்லாமல் அதைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தில் வருகிறதே?

எண்ண வேண்டாம். ஆன்டிபாடி அடர்த்தி கூடியிருக்கலாம், கழுவியது போதாமலிருக்கலாம், திசுவிலேயே இருக்கும் பெராக்சிடேஸ் என்ற நொதி சரியாக அடங்காமலிருக்கலாம். முதன்மை ஆன்டிபாடி, அதாவது ஏற்பியைப் பிடிக்கும் ஆன்டிபாடி, போடாத ஸ்லைடு ஒன்றைச் சேர்த்து ஓட்டுங்கள், அதிலும் பழுப்பு வந்தால் பிரச்சினை ஆன்டிபாடியில் இல்லை, அதற்கு அப்புறம் வரும் கட்டங்களில்.

கண்ட்ரோல் உட்பட எல்லாமே வெள்ளையும் நீலமுமாக வருகிறது. எங்கே தொடங்குவது?

கடைசியிலிருந்து பின்னோக்கிப் போங்கள். பழுப்பு நிறம் தருவது டி.ஏ.பி. என்ற பொருள், அதைப் பழுப்பாக்குவது எச்.ஆர்.பி. என்ற நொதி. டி.ஏ.பி. கரைசலில் ஒரு சொட்டு எச்.ஆர்.பி. சேர்த்த ரியேஜென்ட்டை விட்டுப் பாருங்கள், பழுப்பாக மாறினால் அந்தக் கட்டம் உயிரோடு இருக்கிறது. மாறவில்லை என்றால் சோடியம் அசைடைச் சந்தேகப்படுங்கள். ஆன்டிபாடி கெடாமலிருக்க அசைடு சேர்ப்பார்கள், முதன்மை ஆன்டிபாடியில் இருந்தால் கழுவும்போது போய்விடும், பிரச்சினையில்லை. ஆனால் கைக்குக் கிடைத்த அசைடு கலந்த பஃபரை எடுத்து எச்.ஆர்.பி. கட்டத்தில் ஊற்றினால் அந்த நொதி வேலை செய்யாது. அடுத்தது, முதன்மை ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி எந்த விலங்குக்கு எதிரானது என்று பாருங்கள், எஸ்பி1 முயல், அதற்கு எலி எதிர்ப்பு மட்டும் போட்டால் ஒன்றும் தெரியாது. அப்புறம் சூடு. அதற்கும் பின்னால் ஸ்லைடு எப்போது வெட்டியது என்பது: 3, 4 மைக்ரான் தடிமனில் வெட்டி வைத்த ஸ்லைடில் வாரக்கணக்கில் போகப்போகப் புரதம் மங்கும். பழைய டப்பாவில் மிச்சமிருக்கும் ஸ்லைடுகளைக் கண்ட்ரோலாகப் பயன்படுத்தி நேரத்தை வீணாக்காதீர்கள்.

டி.ஏ.பி. புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருள், கையுறை இல்லாமல் தொடவேண்டாம், கழிவைச் சிங்க்கில் ஊற்றவேண்டாம், தனிக் குப்பியில் சேர்த்து ரசாயனக் கழிவாக அனுப்புங்கள்.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பீட்டாவுக்கும் ஆன்டிபாடி விற்கிறார்களே, அதை வைத்து மார்பகத்தில் ஆராய்ச்சி செய்யலாமா?

செய்வதற்கு முன் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். பீட்டா 1996-இல் ஸ்வீடனில் யான்-ஓகே குஸ்டாஃப்சனின் குழு கண்டுபிடித்தது, 14-ஆம் குரோமோசோமில் உள்ள வேறொரு மரபணு, ஆல்ஃபாவின் தம்பி போன்ற புரதம். உடனே ஆன்டிபாடிகள் சந்தைக்கு வந்தன, மார்பகத்தில் பீட்டா இருக்கிறது, புற்றை அடக்குகிறது, இல்லை வளர்க்கிறது என்று கட்டுரைகள் குவிந்தன, ஒன்றுக்கொன்று முரணாக. 2017-இல் ஸ்வீடனிலிருந்தே ஒரு குழு 13 ஆன்டிபாடிகளை எடுத்து, பீட்டா இருக்கும் செல், இல்லாத செல் என்று வைத்து நிதானமாகச் சோதித்தது. தேறியது ஒன்றே ஒன்று, பிபிஇசட்0506. அதிகமாகப் பயன்படுத்தப்பட்டு வந்தவை தேறவில்லை. அந்த ஒன்றை வைத்துத் திசுக்களைப் பார்த்தபோது பீட்டா விரையில், சினைப்பையில், நிணநீர்ச் செல்களில், சில கட்டிகளில் தெரிந்தது. மார்பகத்தில், நல்லதிலும் சரி புற்றிலும் சரி, காணவில்லை.

இருபது ஆண்டு உழைப்பு, நோயாளிகள் நம்பிக்கையோடு கொடுத்த திசு, மாணவர்களின் பட்டங்கள், எல்லாம் சரிபார்க்காத ஒரு குப்பியின் மேல் நின்றன. இதை நினைக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. பொய் சொன்னவர்கள் யாருமில்லை, எல்லோரும் பழுப்பு நிறத்தை நம்பினார்கள், அவ்வளவுதான்.

அது வெளிநாட்டுக் கதை. இங்கே அப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

ஆன்டிபாடியைச் சுற்றி நடந்த ஒரு பெரிய விவாதத்துக்குச் சிங்கப்பூரோடு தொடர்பு உண்டு. ரன்எக்ஸ்3 என்பதும் மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் புரதம். வயிற்றுப் புற்றில் அது இல்லாமல் போகிறது என்று 2002-இல் யோஷியாக்கி இட்டோவின் குழு எழுதியது, அதே காலத்தில் அவர் கியோட்டோவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். இஸ்ரேலில் யோரம் குரோனரின் குழு 2011-இல், சாதாரண இரைப்பைக் குடல் மேற்தோலில் அந்தப் புரதம் முதலிலேயே இல்லை, இல்லாதது எப்படிக் காணாமல் போகும் என்று கேட்டது. இரு தரப்பிலும் திறமையானவர்கள். விவாதத்தின் ஒரு முக்கியப் பகுதி எந்த ஆன்டிபாடி உண்மையில் ரன்எக்ஸ்3-ஐப் பிடிக்கிறது என்பதுதான். யார் பக்கம் என்று இங்கே சொல்ல வரவில்லை. அவ்வளவு பெரியவர்களுக்கே இந்தச் சிக்கல் வருமென்றால், முதல் ஆண்டு ஆராய்ச்சி மாணவர் டேட்டாஷீட்டின் படத்தைப் பார்த்துவிட்டு ஆர்டர் போடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படியென்றால் வாங்கிய ஆன்டிபாடியை எப்படிச் சோதிப்பது?

எளிதான முதல் படி: எம்.சி.எஃப்.-7 என்ற மார்பகப் புற்றுச் செல்லில் ஆல்ஃபா நிறைய, எம்.டி.ஏ.-எம்.பி.-231-இல் இல்லை. இரண்டையும் வளர்த்து, ஃபார்மலினில் போட்டு, திசு போலவே மெழுகுப் பிளாக் செய்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று பழுப்பு, இன்னொன்று நீலம் என்று வராவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அடுத்து அந்த மரபணுவை நீக்கிய அல்லது அடக்கிய செல்லில் நிறம் மறைகிறதா என்று பாருங்கள். புரதத்தின் வேறு இடத்தைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடி அதே செல்களைக் காட்டுகிறதா, ஆர்.என்.ஏ. அளவோடு ஒத்துப்போகிறதா என்பவையும் உண்டு. 2016-இல் ஆன்டிபாடி சரிபார்ப்புக்கான பன்னாட்டுக் குழு ஐந்து வழிகளைப் பரிந்துரைத்தது, மரபணுவை நீக்குவது, இன்னொரு ஆன்டிபாடி, ஆர்.என்.ஏ. ஒப்பீடு ஆகியவை அதில் மூன்று. வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் சோதனை) 66 கிலோடால்டனில் ஒரு பட்டை தெரிந்தது, போதாதா என்று கேட்பார்கள். போதாது. அங்கே புரதம் பிரிந்து விரிந்து கிடக்கிறது, திசுவில் ஃபார்மலினால் முடிச்சிட்டுக் கிடக்கிறது. ஒன்றில் தேறியது இன்னொன்றில் தேறவேண்டும் என்று கட்டாயமில்லை. லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) மாறினால் பழையதையும் புதியதையும் ஒரே நாளில் ஓட்டி ஒப்பிடுங்கள்.

குப்பியில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று இருக்கிறது. நோயாளியின் ரிப்போர்ட்டுக்குப் பயன்படுத்தலாமா?

கூடாது. நோய் கண்டறிய விற்கப்படுபவை இங்கே சுகாதார அறிவியல் ஆணையத்தின் மருத்துவச் சாதன விதிகளுக்குள் வருகின்றன, அதற்குரியதை வாங்குங்கள். ஆராய்ச்சிக்குத் திசு எடுப்பதாக இருந்தால் 2015-இன் மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிச் சட்டம் இருக்கிறது: கொடுப்பவரின் ஒப்புதல் வேண்டும், திசுவை விற்கவோ வாங்கவோ கூடாது.

இதற்காக விலங்குகளைக் கொல்கிறார்களா? வீட்டில் சங்கடப்படுகிறார்கள்.

நியாயமான சங்கடம், அப்படிக் கேட்பவர்களை நான் மதிக்கிறேன். தொடக்கத்தில் ஒரு எலிக்கோ முயலுக்கோ புரதத்தை ஊசியில் ஏற்றி அதன் செல்களை எடுத்தார்கள். அதன்பின் அந்தச் செல் வளர்ப்புக் குப்பியில் பெருகுகிறது, ஒவ்வொரு குப்பிக்கும் புதிய விலங்கு வேண்டியதில்லை. இப்போது ஆன்டிபாடியின் மரபணு வரிசையைப் படித்து, அதை வேறு செல்லில் ஏற்றித் தயாரிக்கும் மறுசேர்க்கை முறையும் பெருகிவருகிறது. அது லாட்டுக்கு லாட் மாறாமலும் இருக்கும், முடிந்தால் அதை வாங்குங்கள்.

பார்சல் வந்ததும் எங்கே வைப்பது?

குப்பியில் எழுதியிருக்கும் இடத்தில். பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரி. சங்கி விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் ஐஸ் உருகி வெதுவெதுப்பாக வந்தால் தேதி போட்டுக் குறித்துவைத்துக் கண்ட்ரோலில் சோதியுங்கள். உறைய வைத்து உருக்கி மறுபடி உறைய வைப்பதுதான் பெரிய கேடு. ஃபிரிட்ஜின் கதவுத் தட்டும் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறும்.

திருச்சியில் சித்திக்கு ஆபரேஷன் முடிந்தது, அங்கே இ.ஆர். நெகட்டிவ் என்கிறார்கள். சிங்கப்பூரில் இன்னொரு முறை பார்க்க முடியுமா?

முடியும், கேட்பதில் தப்பே இல்லை, அங்கேயுள்ள மருத்துவரை அவமதிப்பதும் ஆகாது. முதலில் இங்கே எந்த மருத்துவர் பார்க்கப்போகிறார் என்று முடிவு செய்துகொண்டு, அவர் வழியாக லேபிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். பொதுவாக மெழுகுப் பிளாக்கைத்தான், அதாவது திசுவைப் புதைத்துவைத்த மெழுகுத் துண்டைத்தான், கேட்பார்கள். வெட்டிய ஸ்லைடு நாளாக ஆக மங்கும், பிளாக் ஆண்டுக்கணக்கில் தாங்கும். கட்டியிலிருந்து பல பிளாக் எடுத்திருப்பார்கள், எதில் புற்று இருக்கிறது, எதில் பக்கத்துச் சாதாரண நாளங்களும் இருக்கின்றன என்று அங்கே கேட்டு அதை வாங்குங்கள். ஒரே பிளாக்தான் இருக்கிறது என்றால் அதை முழுதாகக் கொடுத்துவிடாமல் ஸ்லைடுகள் வெட்டித் தரச் சொல்லலாம், அப்போது தாமதிக்காமல் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். பழைய ரிப்போர்ட்டின் நகலும் வேண்டும். மெழுகு என்பதால் வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள், கைப்பையிலேயே வைத்துக்கொண்டு வாருங்கள். அப்புறம் மறக்காமல் இரண்டு விஷயம் கேட்டு எழுதி வாங்குங்கள்: கட்டியை எடுத்த பிறகு எவ்வளவு நேரத்தில் ஃபார்மலினில் போட்டார்கள், ஃபார்மலினில் எத்தனை மணி நேரம் இருந்தது.